பொன்னம்மா மருந்து வைத்த கதை

எங்கள் கண் ஆஸ்பத்திரியின் தரைத்தளத்தில் இருக்கும் மருந்துக் கடை என்னுடையது. முதலாளி நானல்ல. பதினெட்டு வருடமாக அந்தக் கம்பி ஜன்னலுக்குப் பின்னால் நிற்பதால் என்னுடையது என்று சொல்லிக்கொள்கிறேன். பெயர் நஞ்சுண்டசாமி. மைசூரிலேயே பிறந்து வளர்ந்தவன். எனக்கு முன்கோபம் என்று நர்சுகள் பேசிக்கொள்கிறார்கள். தினமும் நூறு பேர் வந்து, "வெள்ளை மூடி மருந்து மொதல்லயா, நீல மூடி மொதல்லயா?" என்று கேட்டால் உங்களுக்கும் வரும்.

என் ஜன்னலுக்கு எதிரே ஒரு மேசை, ஒரு போன், ஒரு நீளமான நோட்டு. அங்கே உட்கார்ந்திருப்பவள் பொன்னம்மா. வயது நாற்பத்தேழு. என் கோபத்தை இத்தனை வருடமாக ஒரு பொருட்டாகவே மதிக்காத ஒரே ஆள் அவள்தான். நான் கத்தினால், "அண்ணா, காப்பி குடிச்சீங்களா இல்லையா?" என்று கேட்பாள். கத்தலுக்கு அது ஒரு பதிலா?

அவள் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஹனூர் தாலுகா ராமாபுரத்துக்காரி; அந்தப் பக்கமெல்லாம் வீட்டில் தமிழ், பள்ளியில் கன்னடம். புருஷன் பழனிக்குக் கட்டிடத்தில் சென்ட்ரிங் வேலை. எங்கள் ஆஸ்பத்திரியின் புதுக் கட்டிடம் எழும்பியபோது அவன் பலகை அடிக்க, இவள் மணல் சுமந்தாள். கட்டிடம் முடிந்ததும் பழனி அடுத்த கட்டிடத்துக்குப் போனான். இவள் போகவில்லை. தான் மணல் சுமந்து கட்டிய தரையைத் தானே துடைக்கிறேன் என்று துடைப்பக்கட்டையோடு உள்ளே வந்துவிட்டாள்.

போனுக்கு அவள் வந்தது தற்செயல். ஒருநாள் ஒரு நர்ஸ், ஹனூர்ப் பக்கத்து நோயாளி ஒருவரோடு போனில் கன்னடத்தில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். அவர் தமிழில் என்னவோ சொல்ல, நர்சுக்குப் புரியவில்லை. பொன்னம்மா துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு, "இங்க குடுங்க சிஸ்டர்" என்று வாங்கினாள். மழை பெய்ததா, சோளம் எந்த அளவுக்கு வந்திருக்கிறது என்று ஆரம்பித்துக் கால் மணி நேரம் பேசி, அந்த மனிதர் ஒரு வாரமாக ஆபரேஷன் செய்யாத கண்ணில் மருந்து விட்டுக்கொண்டிருக்கிறார் என்று கண்டுபிடித்துச் சொன்னாள். கேட்டால், ஆபரேஷன் செய்த கண்ணைத் தொடக்கூடாது என்று டாக்டரே சொன்னாராம். அடுத்த மாதமே பொன்னம்மாவுக்கு மேசை போட்டுக் கொடுத்துவிட்டார்கள்.

கண்புரை ஆபரேஷன் கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். அதற்குப் பிறகு ஆறு வாரம் சொட்டு மருந்து விட வேண்டும். முதல் வாரம் தினம் ஆறு தடவை, அப்புறம் படிப்படியாகக் குறைத்து. இதில்தான் எல்லாக் கோளாறும். ஒருவர் இமையை இறுக்கி மூடிக்கொண்டு அதன் மேல் விடுவார். ஓர் அம்மாள் புருஷனுக்கும் கண் சிவந்திருக்கிறது என்று பாதியை அவருக்குக் கொடுப்பார். இன்னொருவர் அடுத்த கண் ஆபரேஷனுக்கு ஆகும் என்று பத்திரமாக எடுத்து வைப்பார். பொன்னம்மா தினமும் போன் செய்து, "மருந்து விட்டீங்களா?" என்று கேட்டு நோட்டில் டிக் அடிக்க வேண்டும். அதுதான் வேலை.

இப்படி டிக் அடிக்கப்பட்டவர்களில் ஒருவர் ஜடையன். ராமாபுரத்துக்கு அந்தப் பக்கம் சோளக் காட்டில் தனியாக இருக்கும் விவசாயி, அறுபது வயசு தாண்டியவர். மனைவி இல்லை, மகன் திருப்பூரில். ஏழு வருடத்துக்கு முன்னால் வலது கண்ணுக்கு எங்களிடம்தான் ஆபரேஷன். பொன்னம்மா தினமும் கேட்டாள். அவரும் தினமும், "உட்டாச்சு அம்மிணி" என்றார். டிக். மூன்றாவது வாரம் கண் கோவைப்பழம்போலச் சிவந்து வந்து நின்றார். உள்ளே வீக்கம். என்னென்னவோ செய்து பார்த்தும் அந்தக் கண்ணில் வெளிச்சம் தெரிகிற அளவுக்குத்தான் பார்வை மிஞ்சியது.

அவருக்குக் கை நடுங்கும். விட்ட சொட்டெல்லாம் கன்னத்தில் வழிந்திருக்கிறது. "நீங்க பொய் சொல்லிட்டீங்களே ஐயா" என்று பொன்னம்மா அழுதபோது அவர் கோபப்படாமல் சொன்னார்: "பொய் இல்ல அம்மிணி. உட்டேன். எங்க வுழுந்துதுன்னு நீ கேக்கலையே."

அன்று பொன்னம்மா என் கடைக்குள் வந்து மருந்துப் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதாள். எனக்கு யாரையும் தேற்றத் தெரியாது. தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தேன், அவ்வளவுதான்.

மறுநாள் வந்தவள் கேள்வியை மாற்றிவிட்டாள். "மருந்து விட்டீங்களா?" என்று அவள் அதற்குப் பிறகு யாரையும் கேட்டதில்லை. "தொண்டையில கசந்துதா?" என்று கேட்டாள். கண்ணில் விழுந்த மருந்து மூக்கு வழியாகத் தொண்டைக்கு இறங்கும், கொஞ்ச நேரத்தில் கசக்கும். கன்னத்தில் வழிந்த மருந்து கசக்காது. இதை அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. என் கடையிலிருந்து ஒரு பாட்டில் வாங்கித் தன் கண்ணிலேயே விட்டுப் பார்த்துக் கண்டுபிடித்தாள். நான் திட்டினேன். நல்ல கண்ணில் மருந்து விடுகிற பைத்தியத்தை அன்றுதான் பார்த்தேன். ஆனால் "கசக்கல" என்ற பதிலை அவள் சிவப்பு மையில் எழுத ஆரம்பித்த பிறகுதான், எத்தனை பேருக்கு மருந்து கண்ணுக்குப் போய்ச் சேரவே இல்லை என்பது ஆஸ்பத்திரிக்கே தெரிந்தது.

அந்த நோட்டைத் தேடி வந்தவர்தான் முரளிதரன். மேல்கோட்டைப் பக்கத்துப் பூர்வீகம், வீட்டில் ஐயங்கார்த் தமிழ், மைசூரில் ஒரு மருந்து ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை. ஆபரேஷன் முடியும்போதே கண்ணுக்குள் மருந்துத் துணுக்கு ஒன்றை வைத்துவிட வேண்டும், அது தானே கரைந்து கரைந்து மருந்தை விட வேண்டும், சொட்டு மருந்தே தேவைப்படக் கூடாது என்று அவர்கள் முயன்றுகொண்டிருந்தார்கள். துணுக்கு என்றால் ராகியில் பாதிகூட இராது. உடம்புக்குள் கரைந்துபோகும் தையல் நூல் செய்கிற அதே வகைப் பொருளில் மருந்தைக் குழைத்துச் செய்தது. சின்னக் கண்ணாடிக் குப்பியில் உப்புநீர் ஊற்றி, உடம்புச் சூட்டில் அந்தத் துணுக்கை ஊறப்போட்டு, தினமும் எவ்வளவு மருந்து வெளியே வந்திருக்கிறது என்று அளப்பார்களாம்.

"மொத பத்து நாள்லயே முக்கால்வாசி கொட்டிடறது பொன்னம்மா. அப்புறம் வெறும் துணுக்குதான் இருக்கு. எத்தனை நாள் தாங்கினா போதும்னு உங்க நோட்டுல தெரியுமோ, பாருங்கோ" என்றார் முரளிதரன்.

பொன்னம்மா பக்கம் பக்கமாகத் திருப்பிக் காட்டினாள். எட்டாம் நாள் கண் தெளிவாகத் தெரிகிறதென்று மருந்தை நிறுத்துவார்கள். பதினேழிலிருந்து இருபத்திரண்டாம் நாளுக்குள் சிவந்துகொண்டு வருவார்கள். "மூணாவது வாரந்தான் சார் எமகண்டம். அன்னைக்கி உங்க மருந்து கண்ணுக்குள்ள இருக்கோணும். மொத நாளே அத்தனையும் கொட்டிப்போட்டா அன்னைக்கி யாரு இருப்பா?"

"ஹௌதா!" என்று கன்னடத்தில் வியந்துகொண்டு அவர் அந்தப் பக்கங்களை எல்லாம் போட்டோ எடுத்துக்கொண்டு போனார். அப்புறம் வருடக்கணக்கில் குப்பி, உப்புநீர், முயல் கண்ணில் சோதனை, அனுமதி, பெங்களூரில் நோயாளிகளிடம் சோதனை என்று போயிற்று. இடையிடையே வந்து, "இருபது நாள் தாங்கறது", "இருபத்தெட்டு" என்று பரீட்சை மார்க் சொல்வதுபோல் பொன்னம்மாவிடம் சொல்லிவிட்டுப் போவார். முப்பத்தைந்து என்று வந்து சொன்ன அன்று எனக்கும் மைசூர்பாக் கிடைத்தது. சொட்டு மருந்து விற்கிறவனுக்கே இனிப்புக் கொடுக்கிற தைரியம்தான்.

ஒருவழியாக எல்லா அனுமதியும் கிடைத்து, போன வருடம் எங்கள் ஆஸ்பத்திரியில் அந்தத் துணுக்கை வைக்க ஆரம்பித்தார்கள். கை நடுங்குகிறவர்கள், தனியாக இருக்கிறவர்கள் பட்டியலில் முதல் பெயரைப் பொன்னம்மாதான் சொன்னாள். ஜடையன். அவருடைய இடது கண்ணிலும் இப்போது புரை முற்றிவிட்டிருந்தது. இருக்கிற ஒரே கண். அதற்குச் சொட்டு மருந்தை நம்பக்கூடாது என்று பெரிய டாக்டரும் சொல்லிவிட்டார். பொன்னம்மா போன் செய்து வரச் சொன்னாள். ராமாபுரம் பக்கத்திலிருந்து இன்னும் ஆறு பேரைக் கூட்டிக்கொண்டு அவரும் வந்தார்.

அங்கேதான் வந்தது வினை.

ஆபரேஷனுக்குச் சம்மதப் பத்திரம் வேண்டும். கன்னடத்தில் ஒன்று, தமிழில் ஒன்று. தமிழ்ப் பத்திரத்தை முரளிதரனே ஆசையாக எழுதியிருந்தார். பொன்னம்மா பள்ளியில் படித்தது கன்னடம். தமிழ் பேசுவாளே தவிர வாசிக்க மாட்டாள், அதனால் அவளிடம் யாரும் காட்டவில்லை. அனுப்ரியா என்று எங்கள் ஆலோசனைப் பிரிவில் ஒரு பெண். எழுத்துக்கூட்டித்தான் தமிழ் வாசிப்பாள், ஆனால் நல்ல கணீர்க் குரல். ஏழு பேரையும் பெஞ்சில் உட்கார வைத்து அவள் உரக்க வாசித்தாள்:

"உங்கள் கண்ணுக்குள் மருந்து வைக்கப்படும். நீங்கள் உணராமலேயே அது சிறிது சிறிதாக வேலை செய்யும். முப்பத்தைந்து நாட்களில் தடயம் இல்லாமல் கரைந்துவிடும்."

ஏழு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஜடையன் எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "எனக்கேவா மருந்து வெக்கறீங்க?" என்று கேட்டுவிட்டு நேராக வாசலுக்கு நடந்தார். மற்ற ஆறு பேரும் அவர் பின்னாலேயே போய்விட்டார்கள். முரளிதரன் பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "ஆஸ்பத்திரியில மருந்து வைக்காம வேற என்ன வைப்பா?" என்று என்னைக் கேட்டார். எனக்கும் ஒன்றும் புரியவில்லை.

சாப்பாட்டுத் தூக்கோடு வந்த பொன்னம்மாவிடம் சொன்னோம். அவள் பத்திரத்தை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். இரண்டாவது வரி வருவதற்குள் சிரிக்க ஆரம்பித்து, தரையில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

"ஐயோ சார், எங்க ஊர்ல மருந்து வெக்கறதுன்னா சோத்துல மருந்து வெக்கறது! ஒருத்தர மயக்கிக் கைக்குள்ள போட்டுக்கறதுக்கு, சொத்த எழுதி வாங்கறதுக்கு. ஆளுக்குத் தெரியாமயே கொஞ்சம் கொஞ்சமா வேல செய்யும், ஒரு தடயமும் இருக்காது. நீங்க அதைய அப்படியே எழுதி, படிச்சும் காட்டிருக்கீங்க!"

கன்னடப் பத்திரம் 'ஔஷதி' என்று பெரிய வார்த்தையாகப் போட்டதால் தப்பித்தது. பேச்சு வழக்கில் மருந்துக்குச் சொல்லும் 'மத்து' என்று போட்டிருந்தால் அதற்கும் இதே கதிதான் என்றாள். முரளிதரன் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

சிரிப்பு நின்றதும் அவள் முகம் மாறியது. "அவருக்குப் புரை முத்திக் கெடக்குது. இப்ப போனா திரும்பி வரமாட்டாரு" என்றாள். தூக்கை என் ஜன்னலில் வைத்துவிட்டு, "அண்ணா, வாங்க" என்று சொல்லி வாசலுக்கு ஓடினாள். என்னை எதற்குக் கூப்பிட்டாள் என்று இன்றுவரை தெரியாது. சாப்பாட்டு நேரம் என்ற பலகையைத் தொங்கவிட்டு, சாப்பிடாமல் ஆட்டோவில் ஏறினேன்.

பஸ் ஸ்டாண்டில் கொள்ளேகால் பஸ் நிற்கிற இடத்தில் ஏழு பேரும் நின்றிருந்தார்கள். சோதனைக்காகக் கண்பாவையை விரிக்க மருந்து விட்டிருந்ததால் ஜடையன் வெயிலுக்குத் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டிருந்தார். அந்தக் கூட்டத்துக்குத் தலைவி கமலம்மாள் என்று ஒரு அம்மாள். பொன்னம்மாவைப் பார்த்ததும் அவர்தான் முதலில் பாய்ந்தார்.

"ஏனம்மிணி, நம்மூர்ப் புள்ளன்னு நம்பித்தான வந்தோம்? எங்க நாத்தனாருக்கு மருந்து வெச்சு அவ பட்ட பாடு எனக்குத் தெரியும். வயித்துல வெச்சாலாச்சும் வாந்தி எடுத்துத் தப்பிச்சுக்கலாம். கண்ணுல வெச்சா எப்படி எடுக்கறது?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பொன்னம்மா என்னை முறைத்தாள். அப்புறம் அவர் பக்கம் திரும்பி ஒரே கேள்விதான் கேட்டாள்.

"அக்கா, மருந்து வெக்கறவ உங்ககிட்டக் கையெழுத்து வாங்கிட்டா வெப்பா?"

கமலம்மாளுக்குப் பின்னாலிருந்த ஒருவர், "அது சரிதானுங்களே" என்றார்.

"மூணு தாள்ல கையெழுத்து. ஒண்ணு உங்க கையிலயே குடுத்தனுப்பறோம். ஊர்ல மருந்து வெக்கறவ யாராச்சும் ரசீது குடுத்திருக்காளா?" பொன்னம்மா அங்கேயே நடைபாதையில் உட்கார்ந்தாள். "உங்க தோட்டத்துல சொட்டுநீர் போட்டிருக்கீங்கல்ல? வாய்க்கால்ல மொத்தமா உட்டாப் பாதி மண்ணுக்கே போயிருதுன்னுதான குழா போட்டு வேருலயே சொட்ட வெச்சிருக்கீங்க? இதுவும் அதேதான். மேல இருந்து ஊத்தறது கன்னத்துல வழியுது. அதனால உள்ளயே சொட்டற மாதிரிப் பண்ணிருக்காங்க. முப்பத்தஞ்சு நாள் சொட்டும், அப்பறம் குழாயும் கரஞ்சு போயிரும். அவ்வளவுதான். உள்சொட்டு."

எல்லாரும் தலையாட்டினார்கள். ஜடையன் மட்டும் துண்டை விலக்கவில்லை. பஸ் வந்து நின்றது. பொன்னம்மா எழுந்து அவரிடம் போனாள்.

"ஐயா, போன வாட்டி நான் தப்பான கேள்வி கேட்டுட்டேன். அந்தக் கண்ணு போனதுல எனக்கும் பங்கு இருக்குது. ஆறு வருசமா அது என் நெஞ்சுல கெடக்குது. இந்தக் கண்ணையாவது காப்பாத்திக் குடுக்கறேன். வாங்க."

அவர் துண்டை விலக்கினார். "நீ அழுதது எனக்குத் தெரியும்" என்றார். "ஆனா அந்தத் தாள எழுதினவரு ஒரு தடவ நம்மூருப் பக்கம் வந்துட்டுப் போயி எழுதிருக்கலாம்."

பஸ் அவர்கள் இல்லாமல் போனது. கண்டக்டர் ஏழு பேரையும் என்னையும் சேர்த்துத் திட்டிவிட்டுப் போனான். நான் பதிலுக்குத் திட்டினேன், அன்றைக்கு எனக்கு அது தேவையாக இருந்தது.

மறுநாள் ஆபரேஷன். துணுக்கு உள்ளே போயிற்று. தமிழ்ப் பத்திரத்தில் 'உள்சொட்டு' என்று மாற்றி அடித்தார்கள். அதற்குப் பிறகு எந்தப் பத்திரமானாலும் பொன்னம்மாவுக்கு வாசித்துக்காட்டாமல் அச்சுக்குப் போவதில்லை. முரளிதரன் அதை ஒரு விதியாகவே போட்டுவிட்டார்.

உள்சொட்டு வைத்தவர்களுக்குப் போன் செய்ய வேண்டியதில்லை, விட வேண்டிய மருந்தே இல்லையே. கம்ப்யூட்டர் பட்டியலில் ஜடையன் பெயர் இல்லை. பொன்னம்மா நோட்டின் கடைசிப் பக்கத்தில் கையால் எழுதிக்கொண்டு தினமும் கூப்பிட்டாள். கண் சிவந்ததா, வலிக்கிறதா என்று இரண்டு கேள்வி, அப்புறம் காட்டுப்பன்றி, சோளம், மழை. மூன்றாவது வாரம் நெருங்க நெருங்க அவள் சாப்பாட்டைக் குறைத்துவிட்டாள். "உள்ள இருக்கும்ல அண்ணா, தீந்திருக்காதுல்ல?" என்று என்னைக் கேட்பாள். எனக்கு என்ன தெரியும்? "இருக்கும் இருக்கும், போய்ச் சாப்பிடு" என்று கத்துவேன்.

பத்தொன்பதாம் நாள் ஜடையன் போனை எடுக்கவில்லை. சுவிட்ச் ஆஃப். இருபதாம் நாளும் அப்படியே. அன்று அவள் மற்ற போன்களை எல்லாம் முடித்துவிட்டு அந்த ஒரு நம்பரையே திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தாள். முரளிதரன் மேலே போவதும் கீழே வருவதுமாக இருந்தார். நான் மூடி நிறத்தை மாற்றிச் சொல்லி ஒருவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

இருபத்தோராம் நாள் காலை பதினோரு மணி இருக்கும். தெரியாத நம்பர் ஒன்றிலிருந்து கூப்பிட்டார்கள். பொன்னம்மா எரிச்சலாக எடுத்து, "யாருங்க?" என்றாள்.

"நாந்தான் அம்மிணி, ஜடையன். போனு வாய்க்கால்ல வுழுந்து போச்சு. மகன் நேத்து வந்து புதுசு வாங்கிக் குடுத்துட்டுப் போனான்."

"கண்ணு? கண்ணு செவந்துதுங்களா?"

"கண்ணுக்கு என்ன, நல்லாத்தான் இருக்குது."

"மகன் ஊருக்குப் போயிட்டாருன்னா அப்ப இந்த நம்பரு யாரு போட்டுக் குடுத்தாங்க?"

"யாரும் போடல. உங்க ஆஸ்பத்திரி அட்டையில அச்சடிச்சிருக்கறாங்கல்ல. நானே பாத்துப் போட்டேன்."

அந்த அட்டையில் நம்பர் எவ்வளவு பொடி எழுத்தில் இருக்கும் என்று எனக்குத் தெரியும். என் கண்ணாடி இல்லாமல் எனக்கே தெரியாது. பொன்னம்மா போனை ஜன்னல் வழியாக என் கையில் திணித்துவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். நான் அதைக் காதில் வைத்தேன். கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்துக்கொண்டு நின்றேன்.

"ஏனுங்க, லைன்ல இருக்கீங்களா?" என்று கேட்டார் ஜடையன்.

"இருக்கோம் ஐயா" என்றேன்.